பதினாறாவது பிள்ளை

நீங்களே சொல்லுங்க, பிள்ளையை ஒருத்தர்கிட்ட விடறதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கான்னு கேட்டது தப்பா?

நான் கேட்டேன். குழாயடியில, அத்தனை பேர் முன்னாடி.

அதுவரைக்கும் ஸ்வாதியை என் நாத்தனார்தான் பார்த்துக்கிட்டா. தை மாசம் கல்யாணமாகி மத்தூர் போயிட்டா. என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டறவர். வாரத்துல ரெண்டு நாள் கண்ணுல பட்டா அதிகம். எனக்குக் காலையில ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். திரும்பி வந்து இறங்க சாயங்காலம் ஆறு ஆயிடும். ஒண்ணாவது படிக்கிற ஸ்வாதிக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதுல இருந்து மூணரை வரைக்கும்தான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்த்துக்க ஆள் வேணும்.

இருந்த லீவெல்லாம் போட்டுத் தீர்த்தாச்சு. சூப்பர்வைசர் கறாரா சொல்லிட்டார். "திங்கக்கிழமை வந்தா வேலை இருக்கு ஜோதிமணி. வரலைன்னா வேற ஆள் போட்டாச்சுன்னு வெச்சுக்க."

இதைக் கேள்விப்பட்டுத்தான் எதிர்வீட்டு வெங்கடம்மா அக்கா குழாயடியில, "எங்கிட்ட விடு ஜோதி. ஏற்கெனவே நாலு வாண்டுங்களைப் பார்த்துக்கறேன். அதோட அஞ்சு"ன்னாங்க.

"லைசென்ஸ் இருக்காக்கா?"

"எதுக்கு? நான் என்ன லாரியா ஓட்டறேன்?"

"இரும்பு லாரிக்கே கேக்கறாங்க. உசுருள்ள பிள்ளைக்குக் கேக்க வேணாமா?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அக்கா குடத்தைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க.

கோவிச்சா கோவிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். சாமல்பட்டியில பத்தாவது வரைக்கும் படிச்சவ நான். எந்தக் காகிதமா இருந்தாலும் பின்பக்கம் வரைக்கும் படிக்கணும்னு எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்திருக்கார்.

லைசென்ஸ் இருக்கிற பிள்ளைங்க காப்பகமா ஓசூர் முழுக்கத் தேடினேன்.

முதல் இடத்துல, "லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கோம்"னாங்க.

"எப்போங்க?"

"அது ஆச்சு, மூணு வருஷம்."

ரெண்டாவது இடத்துல கண்ணாடி போட்டு உசரத்துல மாட்டியிருந்துச்சு. ஸ்டூல் கேட்டு ஏறிப் படிச்சேன். அது அந்தம்மா தையல் பாஸான சர்ட்டிபிகேட்டு!

மூணாவது, லாவண்யா மேடம் நடத்தறது. சுவத்துல அரசாங்க முத்திரையோட அசல் லைசென்ஸ். பக்கத்துலயே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க போட்டோ வரிசையா ஒட்டியிருந்துச்சு. அதுல இல்லாத ஆள் வந்தா பிள்ளையை அனுப்ப மாட்டாங்களாம். எனக்கு மனசு குளிர்ந்துடுச்சு.

"ஆனா இடம் இல்லீங்களே"ன்னாங்க மேடம். "ஒரு ஆயாவுக்குப் பதினஞ்சு பிள்ளைங்கதான். பதினஞ்சும் ரொம்பிடுச்சு."

"என் பிள்ளை ஒண்ணே ஒண்ணுதான் மேடம். ஒரு ஓரமா உக்காந்திருப்பா. யார் வந்து எண்ணப் போறாங்க?"

மேடம் சிரிச்சாங்க. "லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுக்கிட்டுத்தானே உள்ளயே வந்தீங்க? இப்ப நீங்களே அதை மீறச் சொன்னா எப்படி?"

அசடு வழியச் சிரிச்சேன்.

"இன்னொரு ஆயா கிடைச்சா இன்னும் பதினஞ்சு பேரைச் சேர்க்கலாம். ரெண்டு மாசமா தேடறேன். நம்பர் குடுத்துட்டுப் போங்க."

சனிக்கிழமை குழாயடியில எல்லாத்தையும் கொட்டினேன். "லாவண்யா மேடம் ஆயா வந்தாத்தான் சேப்பாங்களாம். திங்கக்கிழமைக்குள்ள நான் ஆயாவை எங்க போய்ப் பிடிக்கறது? சந்தையிலயா விக்குது?"

வெங்கடம்மா அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. திரும்பிக்கூடப் பார்க்கலை. இன்னும் கோவம் ஆறலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் அடிச்சுது. லாவண்யா மேடம். "ஆயா கிடைச்சாச்சுங்க. காலையில பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"பார்த்தீங்களா, முறையா தேடினா முறையா கிடைக்கும்!"னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன். அக்கா வீட்டு முன்னாடி கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

திங்கக்கிழமை ஆறரை மணி. ஸ்வாதிக்கு ஸ்வெட்டர் மாட்டிக் கூட்டிட்டுப் போனேன்.

கேட்டைத் திறந்தது வெங்கடம்மா அக்கா.

நீலச் சேலை, அக்குள்ல ஒரு நோட்டு. பின்னாடி அந்த நாலு வாண்டுங்களும் நின்னுச்சு.

"அக்கா... நீங்களா?"

"ரா ரா கண்ணா"ன்னு தெலுங்குல கொஞ்சிக்கிட்டே ஸ்வாதி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

மேடம் உள்ளேயிருந்து வந்தாங்க. "உங்க தெருவாமே? வேலைக்குச் சேரும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'எங்க தெருப் பொண்ணுக்கு வேலை போயிடும் போல இருக்குது. முதல்ல அவ பிள்ளைக்கு இடம் போடுங்க. எங்கிட்ட இருக்கிற நாலு பேரை அப்புறமா எழுதிக்கலாம்'னு."

"அக்கா, அன்னிக்குக் குழாயடியில நான்..."

"நீ கேட்டது நியாயம்தான் ஜோதி. அத்தனை பேர் முன்னாடி கேட்டதுதான்..."

தெரு முனையில கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஓடினேன்.

"ஏ ஜோதி, நில்லு!"

திரும்பினேன். அக்கா நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நின்னாங்க.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியும். லைசென்ஸுக்குத் தெரியாதே! சாயங்காலம் வரும்போது உன் போட்டோ ஒண்ணு கொண்டாந்துடும்மா."