கோழிநடை

மனிதன் பறக்கப் பிறந்தவன் என்பது எங்கள் கூடைப்பந்து அணியின் ரோமெல் கண்டறிந்த உண்மை. நேற்று கடைசி நொடியில் எதிராளி பந்தை எறிவதுபோல் பாவனை காட்டியதும் இவன் பறந்தான். அவன் நிதானமாக எறிந்து ஜெயித்தான். தொடர் சமநிலையாகி, எங்கள் கைக்கு வந்த கோப்பை நாளைய கடைசி ஆட்டத்துக்குத் தள்ளிப்போனது. இன்றைய பயிற்சியில், பத்தங்காஸ் ஊரின் மழை ஆடுகளத்தின் தகரக்கூரையில் இரைகிறது. “எறியறவன்கிட்ட ஓடு, நெருங்குனதும் அடியைச் சுருக்கு, கையைத் தூக்கு, குதிக்காத!” என்று கத்துகிறார் கோச் மரிவிக். “இது கோழிநடை, கோச். முட்டையும் போடணுமா?” என்கிறான் ரோமெல். “நேத்து பறந்தியே ராசா, எங்க போய் எறங்குன?” என்கிறார் கோச். “கோட்டோரம் ஒக்காந்திருந்த ஐஸ்காரர் மடியில” என்கிறான் அணியின் பெஞ்சி. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கஞ்சிக்கடைக்குப் போனபின், சாம்பல் வெளிச்சத்தில், ரோமெல் ஆளில்லாத மூலையை நோக்கி ஓடுகிறான். நெருங்கியதும் அடியைச் சுருக்கி, கையைத் தூக்குகிறான். பாதங்கள் ஈரத்தரையிலேயே நிற்கின்றன.