மோரீனின் ரொட்டிக் கத்தி

பிக்னிக் கூடைக்குள் அந்தக் கத்தி மறுபடியும் கிடந்தது.

டெரிக் அதையே வெறித்தபடி நின்றார். எலும்புப் பிடி போட்ட நீளமான ரொட்டிக் கத்தி. செத்துப்போன முதல் மனைவி மோரீனுடையது. நேற்று சாயங்காலம் அவரேதான் அதை வெளியே எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். இப்போது முள்கரண்டிகளுக்கு நடுவே, துணியில் சுற்றி, பதவிசாகப் படுத்திருந்தது.

"ஹேசல்! இதை யாரு இங்க வச்சது?"

ஹேசல் அவித்த முட்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டே திரும்பினாள். "ஐயோ, திரும்பவுமா? நான் தொடவே இல்லையே."

"பாரிஸ் ரயில்ல இதை விடமாட்டான். ஏர்போர்ட் மாதிரி எல்லாத்தையும் மிஷின்ல விட்டுப் பாப்பான். வெண்ணெய் தடவற மொண்ணைக் கத்தி போதும்னு எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏதாவது இருக்கா உனக்கு?"

"என்கிட்ட ஏன் கத்தறீங்க? இந்தக் கத்தி இல்லாம அவங்க பிக்னிக்குக் கிளம்பினதே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்களை விட்டுப் போக அவங்களுக்கு இன்னும் மனசு வரலையோ என்னவோ."

டெரிக் கத்தியை வெடுக்கென்று எடுத்தார். மோரீன் மாடிப்படியில் தவறி விழுந்து செத்தது ஊருக்கே தெரியும். விழுந்தபோது அவள் கையில் துணிப்பெட்டி இருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பெட்டியை மேலே கொண்டுபோய், துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் மடித்து வைத்துவிட்டார்.

கத்தியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு முகம் மழிக்கப் போனார். கண்ணாடியில் தன் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

லண்டன் ஸ்டேஷனில் சோதனைக்கு வரிசை நீண்டிருந்தது.

"என் பாஸ்போர்ட்டைக் குடுங்க. அவங்கவங்க கையில வச்சிருக்கணுமாம்" என்றாள் ஹேசல்.

கல்யாணமான நாளிலிருந்து அது அவர் மேசையில்தான் பூட்டிக் கிடந்தது. தொலைத்துவிடுவாள் என்று. கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"பத்திரம். சாயங்காலம் என்கிட்டத் திருப்பிக் குடுக்கணும்."

அவள் தலையாட்டிவிட்டு, கைப்பையோடு முன்னால் போய் ஆட்களைச் சோதிக்கும் வளையத்தைக் கடந்தாள். டெரிக் கூடையைச் சோதனை மிஷினின் ஓடும் பட்டையின் மேல் வைத்தார். அது உள்ளே நகர்ந்தது. நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கூடை யாரோடது?"

"என்னோடது."

"நீங்களே அடுக்கினதா சார்?"

"நானேதான். ஒண்ணு விடாம பாத்துப் பாத்து வச்சேன்."

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். அடியில் இருந்த மேஜைவிரிப்பைப் பிரித்தாள். எலும்புப் பிடி வெளியே வந்தது.

"இது ரொட்டி வெட்டவா சார், மரம் வெட்டவா?" சிரித்தபடி கேட்டவள், அலகின் நீளத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். சற்றுத் தள்ளி நின்ற போலீஸ்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

டெரிக்கின் உதடுகள் வெளுத்துவிட்டன. "நான் வைக்கல. கொட்டகையில பூட்டிட்டு வந்தேன். சத்தியமா நான் வைக்கல... அவதான். மோரீன்தான் வச்சிருக்கா."

"யாரு மோரீன்?"

"என் பெண்டாட்டி."

போலீஸ்காரர் அவர் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். காவலர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வளையத்துக்கு அந்தப் பக்கம், கைப்பையை மார்போடு அணைத்தபடி ஹேசல் நின்றிருந்தாள்.

"மேடம், மோரீன் நீங்களா? இவரோட வந்தவங்களா?"

"அவகிட்ட கேளுங்க! சொல்லு ஹேசல்!"

ஹேசல் அவரை நிதானமாக, முழுசாக ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லையே. நான் தனியாத்தான் வந்தேன்."