வரிக்கு ஒரு சொல்

"நான் வாயத் திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும் எழுதி வச்சிருக்கியே, நீ என்ன கோர்ட்டு குமாஸ்தாவா?" பச்சியப்பன் வாத்தியார் தீர்த்தனின் நோட்டை அவன் முன்னால் வீசினார். எட்டாம் வகுப்பு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

அவருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். யுத்தம் வந்து காகிதம் கிடைக்காமல் போனதிலிருந்து அது இன்னும் மோசம். பாடக் குறிப்பு வரிக்கு ஒரு சொல்தான். அந்தச் சொல்லையும் அவரே சொல்வார். அதை வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி வராவிட்டால் பிரம்படி.

"வரிக்கு ஒரு சொல்லு. மீதி மண்டைக்குள்ள இருக்கணும்" என்று அவர் பிரம்பை எடுத்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் அனுமதி கேட்காமலே உள்ளே வந்தார். கையில் ஒரு நோட்டு. "ஞானமேரி யாரு?"

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ரயில்பாதையில் கூலி வேலை பார்க்கும் சவரிமுத்துவின் மகள். ஆகஸ்டில் சுதந்திரப் போராட்டத் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதும் அங்கங்கே ஜனங்கள் ரயிலை மறித்ததிலிருந்து, தண்டவாளத்துப் பக்கம் நடமாடுகிற எல்லார்மேலும் போலீசுக்குச் சந்தேகம். அன்று காலை அவள் வீட்டைச் சோதனை போட்டுச் சவரிமுத்துவையும் நோட்டையும் கொண்டுபோயிருந்தார்கள்.

"மொ. நாலு. மணி. சங்கிலி. இழு" என்று சப்-இன்ஸ்பெக்டர் வாசித்தார். "மொரப்பூருக்கு சாயங்காலம் நாலு மணி வண்டி, ஆறு மணி வண்டின்னு ரெண்டு வருது. நாலு மணி வண்டியில சங்கிலிய இழுக்கச் சொல்லி எவன் குடுத்த தகவல் இது? உங்கப்பனா?"

"இல்லீங்க ஐயா. பாடமுங்க."

"பாடமா? உண்மையச் சொன்னாத்தான் உங்கப்பன் வூடு வந்து சேருவான்."

அவள் உதடு நடுங்கியது. வாத்தியார் பிரம்பால் மேசையில் ஓங்கி அடித்தார். "அழாத. நோட்டு அவருகிட்டயே இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லா விரிச்சுச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொன்னா மொகலாயருங்க. நாலுன்னா நாலாவது ராசா, ஜஹாங்கீருங்க. அவரு அரமனையில மணி கட்டுன சங்கிலி ஒண்ணு தொங்கவுட்டாரு. நியாயம் கெடைக்காத சனங்க யாரு வேணும்னாலும் வந்து அத இழுக்கலாமுங்க."

சப்-இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலிருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார், அடுத்ததையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே ஐந்து சொல், கீழே அப்பன்களின் கைரேகை.

"ஜஹாங்கீரையும் புடிச்சு உள்ள போடப் போறீங்களா?" வாத்தியாரின் குரல் பக்கத்து வகுப்புவரை கேட்டது. "புள்ளைங்க குறிப்பெடுக்கறதுக்கும் ஸ்டேஷன்ல கேட்டுக்கணுமா? படிக்கிற புள்ளைய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு மெரட்டறீங்களே, வெக்கமா இல்லீங்களா? மத்தியானத்துக்குள்ள அவங்கப்பன வுடலன்னா கலெக்டருக்கு எழுதுவன். அத வரிக்கு ஒரு சொல்லா எழுத மாட்டன்."

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் சுண்டிப்போனது. "சரி, சரி வாத்தியாரே. அவன இப்பவே வுட்டுடறோம்." நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

வாத்தியார் ஜன்னலருகில் நின்று, சப்-இன்ஸ்பெக்டரின் சைக்கிள் ரோட்டைத் தொடும்வரை பார்த்தார். ஞானமேரியின் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"குறிப்ப இன்னிக்கு மத்தியானம் சோத்துக்குப் போறப்ப மறுபடியும் வூட்டுல வாசிச்சுக் காட்டணும், ஒருத்தரும் மறக்கக் கூடாது. நாலை அடிச்சிட்டு ஆறுன்னு எழுதிக்குங்க."