வண்டிக் காத்து

மெக்கானிக் டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி சீட்டில் வைத்தார். உள்ளே குனிந்தார். குனிந்த வேகத்தில் தலையை வெளியே இழுத்து, கைக்குட்டையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"சார், உள்ள யாரோ குடும்பம் நடத்தியிருக்காங்க."

அவன் எட்டிப் பார்த்தான். ஏசி சரியாகக் குளிரவில்லை என்றுதான் வண்டியைக் கொண்டுவந்திருந்தான்.

மெக்கானிக் மெதுவாக ஒரு சட்டத்தை உருவினார். ஏசி ஃபில்டர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மடிப்புக்கு மடிப்பு எலிப்புழுக்கை. நடுவில் பஞ்சு, முடி, சருகு, கடித்துத் துப்பிய காகிதம் எல்லாம் சேர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு.

"கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க."

"நல்லாருக்கு போங்க. ஏசி போட்டா இதுக்குள்ள புகுந்துதான் காத்து வரும். நேரா மூஞ்சிக்கு."

வண்டி அதிகம் ஓடாதோ என்று கேட்டார். ஓடாதுதான். வேலைக்கு அவன் பஸ்ஸில் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுப்பான். பிரிந்துபோன மனைவியின் வீட்டிலிருந்து மகளைக் கூட்டிவர, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட. மற்ற நாளெல்லாம் வண்டி எலிகளுக்குத்தான்.

மகள் வண்டியில் இருமுவாள்.

அவன் வீட்டில் இருமல் இல்லை. பூங்காவில் இல்லை. வண்டியில் மட்டும். ஜன்னலை ஏற்றினால் ஆரம்பிக்கும், இறக்கினால் நின்றுவிடும்.

நிஜ இருமல் ஜன்னலைப் பார்த்தா வரும்?

யாரோ சொல்லிக்கொடுத்த இருமல். யாரோ என்ன யாரோ, அவள் அம்மாதான்.

வேண்டுமென்றே ஜன்னலை ஏற்றிவிட்டு, முன்னாலிருக்கும் கண்ணாடியில் மகள் முகத்தைப் பார்த்தபடியே ஓட்டுவான். இருமும்போது அவளும் அதே கண்ணாடியில் அவனைப் பார்ப்பாள். திருட்டு முழி என்று தோன்றும். சின்னப் பெண்ணைப் போய் இப்படி நினைக்கிறோமே என்றும் உடனே தோன்றும். ஆனாலும் அடுத்த வாரமும் ஜன்னலை ஏற்றுவான்.

திரும்பும் வழியில், அம்மா வீட்டுத் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால், இருமல் தாங்க முடியாமல் போகும். அங்கே ஒரு குட்டைச் சுவர். அவளை இறக்கி அதில் உட்காரவைத்து முதுகைத் தடவுவான், தண்ணீர் கொடுப்பான். வெளிக்காற்று பட்டதும் சரியாகிவிடும். சரியான பிறகும் காலை ஆட்டிக்கொண்டு எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். பார், ஒன்றுமே இல்லை, எல்லாம் நடிப்பு என்று மனதுக்குள் முடிவு கட்டுவான்.

திரும்பத் தனியாக வரும்போது அவனுக்கும் தொண்டை அடைக்கும். அதற்கு அவன் வேறு காரணம் வைத்திருந்தான்.

போன வாரம் மனைவி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். இனியும் இருமினால் அனுப்பமாட்டாளாம். வேண்டுமானால் அவனே அங்கே வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகலாமாம். மச்சான் எதிரே, ஹாலில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்து! அதைவிட அவளுடைய முதல் வாக்கியம்தான் வாரம் முழுக்க முள்ளாகக் குத்தியது. உங்க காத்தே அவளுக்கு ஆகல.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் கூட்டைக் கிளறினார். உள்ளே ஊதா நூல்.

மகளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லா. காணோம் என்று அவள் அழுதபோது, அதையும் அவள் அம்மாவின் வேலை என்றே நினைத்திருந்தான்.

மனைவி சொன்னதை முதலிலிருந்து ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தான்.

உங்க வண்டிக் காத்து, என்றுதான் சொல்லியிருந்தாள்.

கூட்டைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். கூடவே, "நீ சொன்னது சரி. எலி." வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ஞாயித்துக்கிழமை பாப்போம். இருமாம வரட்டும்."

மெக்கானிக் உள்ளே மருந்தடித்துத் துடைத்து, புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல்களை ஏற்றினான். ஏசியைப் போட்டான். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி காத்திருந்தான்.

இருமல் இல்லை.

மகள் மூச்சை நீளமாக இழுத்துப் பார்த்தாள். "அப்பா, இன்னிக்குக் காத்துல ஒரு வாசனையும் இல்ல."

சாயங்காலம் திரும்பும்போதும் இருமல் இல்லை. கடைவீதி போனது, பாலம் போனது. வாசலில் இறங்கியதும் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தான். கடைசித் திருப்பம். குட்டைச் சுவர் தெரிந்தது.

பின்சீட்டில் ஓர் இருமல்.

ஒன்றே ஒன்று. சின்னதாக, வறட்சியாக, மரியாதையாக.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகமே இல்லை, திருட்டு முழிதான்.

வண்டியை ஓரம்கட்டினான்.

அவன் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவள் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவனுக்கும் இடம் விட்டிருந்தாள். தண்ணீர் கேட்கவில்லை.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? நேரமாச்சே. இருமினாளா?"

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

"அவ இருமல," என்றான் அவன். "நான்தான்."

சொல்லிவிட்டு, போனுக்குள் இரண்டு தடவை இருமிக் காட்டினான்.

மகள் நகர்ந்து வந்து அவன் முதுகைத் தடவ ஆரம்பித்தாள்.