ஸ்வெட்டர் போடாமல் வரவும்

அவள் வாய்தான் சொன்னது.

நேற்று மாலை எஸ்டேட் லயத்து வீடுகளில் ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னது. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் புது ஸ்வெட்டர் கொடுக்கிறார்கள். ஏழரைக்கு அங்கன்வாடிக்குக் கூட்டி வாருங்கள். வரும்போது பழைய ஸ்வெட்டர் எதையும் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

சொல்லச் சொன்னவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் கோவர்த்தனன். போன வருஷம் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு வந்து நின்றுவிட்டார்களாம். போட்டோ எடுபடவில்லையாம். கொடுக்கிறவருக்கு மனசு வர வேண்டாமா என்றார். போட்டுக்கொண்டு வரும் பிள்ளையின் பேரை அடித்துவிடுவேன் என்றும் சொன்னார்.

"சரிங்க சார்" என்று சொன்னதும் இதே வாய்தான்.

இப்போது மணி ஒன்பதே கால்.

ஸ்வெட்டர் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வருகிற மில் முதலாளி இன்னும் வரவில்லை. கீழே டவுனில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். கோவர்த்தனன் மாலையை எடுத்துக்கொண்டு ரோட்டு வளைவுக்குப் போய்விட்டார்.

வெயில் எதிர் மலையில் விழுந்திருந்தது. இந்தப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி.

வரிசையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். சட்டை, கவுன், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு அழுதுகொண்டிருந்த ஒரு சின்னது இப்போது அழவில்லை. அழுகையைவிட அது அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் மேல் ஒரு ஸ்வெட்டர். அதன் மேல் ஒரு சால்வை. டீச்சர் என்றால் குளிருமே.

மேசை மேல் ரிப்பன் கட்டிய அட்டைப்பெட்டிகள். மூன்று மாதம் சங்கத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, பல்லைக் காட்டி அவள் வாங்கியவை. பனிக்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்றுதான் கெஞ்சினாள். முதலாளிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்பட்டது.

அப்போதுதான் கவனித்தாள். ஓரமாக நின்ற தாய்மார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை.

ஒரு பையின் வாயில் சிவப்புக் கம்பளி தெரிந்தது. ஸ்வெட்டரின் ஒரு சின்னக் கை.

அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அந்தப் பெண் அதை அவசரமாக உள்ளே தள்ளினாள். திருட்டுச் சாமான் போல.

பற்றிக்கொண்டு வந்தது. கோவர்த்தனன் மேல் வந்தது. முகம் தெரியாத அந்த முதலாளியின் வயிற்றின் மேல் வந்தது. எல்லாவற்றையும்விடத் தன் வாய்மேல்தான் அதிகமாக வந்தது.

மைக்கை எடுத்தாள்.

"பையில இருக்கறத எடுத்துப் புள்ளைங்களுக்குப் போட்டு விடுங்க. யார் பேரும் அடிபடாது. நான் பாத்துக்கறேன்."

யாரும் அசையவில்லை.

பிறகு அந்தச் சிவப்பு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அடுத்தடுத்துப் பைகள் திறந்தன. முழங்கையில் ஒட்டுப் போட்டது, அண்ணனுக்கு வாங்கித் தங்கைக்கு வந்தது, பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியது. தாய்மார்கள் பிள்ளைகளின் தலைகளை அவசர அவசரமாக உள்ளே நுழைத்தார்கள்.

இரண்டே நிமிஷம். இதைச் செய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது அவளுக்கு.

வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

ஒன்பதாவதாக நின்ற நிரோஷா மட்டும் கவுனோடு நின்றாள்.

அவளுடைய அம்மா சிவபாக்கியத்தின் கையிலும் பை இருந்தது. உப்பலாகவே இருந்தது. எடுக்க என்ன கேடு?

விறுவிறுவென்று போய்ப் பையை வாங்கினாள். கையை உள்ளே விட்டாள்.

பேப்பர். பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். தூரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிவபாக்கியம் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாப் புள்ளையும் நடுங்குனப்ப எம்புள்ள தனியாத் தெரியல, டீச்சர்."

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

ரிப்பன் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். பெட்டியைக் கிழித்தாள்.

மேலாக இருந்த நீல ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு நிரோஷாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

நின்றாள்.

திரும்பி வந்து வரிசையில் முதலில் நின்ற பையனுக்குப் போட்டுவிட்டாள், அவனுடைய பழையதற்கு மேலேயே. அடுத்தது அடுத்த பிள்ளைக்கு. மூன்று, நான்கு. ஒன்பதாவது பிள்ளை வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்குப் போட்டது போலவே தலையை நுழைத்து, கையை இழுத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குப் போனாள்.

நாற்பத்திரண்டாவதைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது.

கோவர்த்தனன் மாலையோடு ஓடி வந்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. முதலாளி பின்னாலேயே வந்துவிட்டதால் திட்டவும் முடியவில்லை.

முதலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டு, என்ன குளிர் என்று சிரித்தார். கொடுத்தாயிற்றா, பரவாயில்லை என்றார். போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"இதுல ரொம்பக் கஷ்டப்படற குடும்பத்துப் புள்ளை எதுங்க? அந்தக் கொழந்தையோட மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

கோவர்த்தனன் அவள் பக்கம் திரும்பினார். இனி ஒவ்வொரு பனிக்கும் இவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"சொல்லுங்க டீச்சர்."

ஓரத்தில் சிவபாக்கியம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். எல்லாம் ஒரே நீலம்.

"தெரியலைங்க சார்" என்றாள்.