நாளுக்கு ஒரு பேரம்

எருக்கலம்பிட்டியில் மாலை வெயில் மணலை விட்டுப் போக மனமில்லாமல் கிடக்கிறது. தாகத்துக்குக் கழுதைகள் கடித்துக் குதறிய தோட்டத்துக் குழாயை, திருத்த வந்த குகனேசன் தடவித் தடவி ஓட்டைகளை எண்ணுகிறான். ஸுஹறா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புத்தளம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பியவள். “திருத்த ஆறாயிரம் வரும் அக்கா. திங்கக்கிழமைதான் வர ஏலும். வேணுமெண்டா கொஞ்சம் குறைப்பம்.” “காசக் குறைக்க வேணாம் தம்பி, நாளக் குறைங்க. வெள்ளிக்கிழம புத்தளத்திலயிருந்து மகள் வாறா.” போன தடவை அந்த மகள் வாடிய மாதுளங்கன்றைப் பார்த்து, “இந்த மணல்ல என்ன உம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். குகனேசன் கொப்பியைப் புரட்டுகிறான். நாளையிலிருந்து டவுனில் வேலை, பிறகு பள்ளிமுனை. “வெள்ளி பின்னேரம் பாப்பம் அக்கா.” மகள் வரும் பஸ் காலையிலேயே வந்துவிடும். அவன் போனதும் ஸுஹறா வாளித் தண்ணீரைக் கன்றின் அடியில் ஊற்றுகிறாள். மணல் சத்தமில்லாமல் குடித்துவிடுகிறது. மகளின் கண்ணில் படக்கூடாதென்று காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறாள். பாதியில் கை நின்றுவிடுகிறது. இன்னும் கிள்ளினால் கன்றில் இலையே இருக்காது.