ஒற்றையாய்த் தூக்கிய நண்டுப் பெட்டி

பசியாவரம் கரையில் வெயில் இன்னும் ஏறவில்லை. படகுக்கு வெளியே நின்றபடியே, விளிம்புக்கு மேல் குனிந்து, உள்ளே கிடக்கும் நண்டுப் பெட்டியைப் பிடிக்கிறான் சடையன். "இருய்யா, நானும் ஒரு கை புடிக்கிறேன்" என்று ஈர மணலில் ஓடி வருகிறாள் அவன் மனைவி நாகம்மாள். அதற்குள் அவன் முதுகின் பலத்திலேயே தூக்கி, பெட்டியோடு இடுப்பைக் கரைப்பக்கம் திருப்புகிறான். அவன் இடுப்பில் காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போல ஒரு சத்தம். பெட்டி விழுகிறது. இன்னும் கொடுக்கு கட்டாத நண்டுகள் மணலெங்கும் சிதறி ஓடுகின்றன. குனிந்தவன் குனிந்தபடியே நிற்கிறான். இரண்டு கைகளும் படகு விளிம்பில், வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுகிறது. "இன்னாய்யா ஆச்சு? நிமுரு." "தொடாதடி... தொடாத." அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரல் அது. நீட்டிய கை அந்தரத்திலேயே நிற்க, நாகம்மாள் கீழே பார்க்கிறாள். பெரிய நண்டு ஒன்று அவன் கால் கட்டைவிரலைக் கவ்வியிருக்கிறது. ரத்தம் மணலில் இறங்குகிறது. "ஐயோ, கால்ல நண்டு கடிக்குதுய்யா!" சடையன் அசையாமல் கேட்கிறான்: "எந்தக் கால்ல?"